புருஷனுக்கு மட்டும் ஒரு சீட்டு

முதல் உதையில் கதவு அதிர்ந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்து, குணரத்தினத்தின் தேநீர்க் கோப்பையைத் தட்டிக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"ஞாயிற்றுக்கிழமை பூட்டு எண்டு வெளியில எழுதிக் கிடக்கு" என்றார் குணரத்தினம்.

"படிக்கத் தெரிஞ்சவனுக எதுக்கு ஐயா உதைக்கப் போறானுக?" என்றாள் வீரம்மா.

வாசலில் இரண்டு தடியர்கள் நின்றார்கள். முன்னால் நின்றவன் கையில் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வேலையில், தடித்த கிளையை ஒரே வெட்டில் சாய்க்கிற வளைந்த கத்தி அது. அவன் கண்கள் அலமாரிக்குப் பின்னால் ஒண்டி நின்ற ராக்காயியின் மேல் பாய்ந்தன. அரை நிமிடத்துக்கு முன்புதான் அவள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "காப்பாத்துங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கே பதுங்கியிருந்தாள்.

"அந்தக் காகிதத்தக் குடுடி!"

அவன் ஓரடி எடுத்து வைத்தான். வீரம்மா அடுப்பிலிருந்த கேத்தலைத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க அவன் முகத்தில் ஊற்றினாள். அவன் போட்ட கூச்சலில் ஹட்டன் கடைத்தெருவே நின்று மாடியைப் பார்த்தது. இரண்டாமவன் அவளுடைய கூந்தலைப் பிடித்து இழுத்தான். குணரத்தினம் நாற்காலியை விட்டு எழாமலே குடையை நீட்டி அதன் வளைந்த பிடியை அவன் கணுக்காலில் மாட்டி இழுத்தார். அவன் வாசற்படியில் விழுந்து, பதினெட்டுப் படிகளையும் முதுகால் எண்ணிக்கொண்டு கீழே போனான். முகம் வெந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினான். தெருவில் நின்ற லொறி ஒன்று இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு கிளம்பியது.

வீரம்மா கலைந்த கொண்டையை முடிந்தாள். "வேலை கொடுப்போருக்கும் வேலை தேடுவோருக்கும் ஆலோசனைன்னு போர்டு போட்டு ஆறு வருசமாச்சு. வேலை கொடுக்கிறவங்க பக்கத்திலேருந்து இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு. அதையும் சுட வச்சு அனுப்பிட்டேன்."

குணரத்தினம் ஒரு காலத்தில், தொழிலாளர் முறையீடுகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகமான தொழில் கந்தோரில் பரிசோதகராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், எந்த வெயிலிலும் கையில் குடை. வீரம்மா பதினைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். கெட்ட வார்த்தை பேசிய கணக்கப்பிள்ளையைக் கூடையாலேயே அடித்ததற்காகத் தோட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டு, இவரிடம் ஆலோசனை கேட்க வந்தாள். ஆலோசனை முடிந்தும் அவள் திரும்பிப் போகவில்லை.

"இப்ப சொல்லு பிள்ளை" என்றார் குணரத்தினம் ராக்காயியிடம். "என்ன காகிதம்?"

அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். நான்காக மடித்த சீட்டு.

"எம் புருசன் அழகுமுத்துங்க. லிந்துலைப் பக்கம் கருங்கல்மலைத் தோட்டம். புதன்கெழம சாயங்காலம் வெறகுக்குப் போனவரு வரல. பெரிய கங்காணி பழனியாண்டிகிட்டப் போயி அழுதேன். 'ஒம் புருசன் பத்துச் சீட்டு வாங்கிக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போயிட்டான், இந்தா ஆபீசு நகல், பாத்துக்க'ன்னு மூஞ்சில விட்டெறிஞ்சாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். இன்னைக்கு நான் அத எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனத யாரோ பாத்துச் சொல்லிட்டாங்க."

பத்துச் சீட்டு என்பது தோட்டத்து வேலையை விட்டு விலகிப் போகிறவனுக்குக் கொடுக்கிற சீட்டு. அது கையில் இல்லாதவனுக்கு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள்.

"அவர் மேல கங்காணிக்கு என்ன கோபம்?"

"பத்து வயசுப் புள்ளயப் பதினாலுன்னு எழுதி, தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல வேலைக்குப் போட்டாரு கங்காணி. அது கை மிசின்ல போயிருச்சு. இவருதாங்க இழுத்து வெளிய எடுத்தவரு. தொழில் கந்தோர்ல எழுதிக் குடுத்து கைநாட்டும் வச்சுட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரண. வேற சாட்சி கெடையாது."

குணரத்தினம் சீட்டை விரித்தார். ஒருமுறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது அவருடைய புருவம் மேலேறியது.

"புதன்கிழமைக்குப் பிறகு நீ வேலைக்குப் போனியோ?"

"நேத்துக்கூடக் காலையில பெரட்டுல நிக்க வச்சுப் பேரு கூப்பிட்டாங்க. பதினெட்டு ராத்தல் கொழுந்து எடுத்தேன்."

"ஆரும் உன்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, நீயும் போறியோ இங்கையே இருக்கிறியோ எண்டு கேட்டவையோ?"

"யாருமே கேக்கலீங்களே."

குணரத்தினம் சீட்டை மேசையில் தட்டினார். "வீரம்மா, புருசனைச் சீட்டுக் குடுத்து அனுப்பினால் பெண்சாதியின்ர பேரையும் வெட்ட வேணும். அவையைப் பிரிக்கப்படாது எண்டுதான் சட்டம். அவள் தானாகத் தோட்டத்திலயே இருக்கிறன் எண்டால் மட்டும் விடலாம். அதுக்கும் அவளைக் கேட்டு எழுத வேணும். இந்தச் சீட்டில புருசன் மட்டும் கிடக்கிறான். பெண்சாதியைப் பற்றி ஒரு சொல் இல்லை."

"அப்ப?"

"தோட்டத்துக் கிளாக்கர் இப்படி எழுத மாட்டார். இது கள்ளச் சீட்டு. கங்காணி வேறை ஆரையோ வைச்சு எழுதியிருக்கிறான். கிளாக்கரிட்ட ஒரு வார்த்தை வாங்கினால் கங்காணியின்ர கதை முடிஞ்சுது." அவர் எழுந்து குடையை எடுத்தார். "ஒண்டு யோசியும். அழகுமுத்துவைக் கொலை செய்திருந்தால் கங்காணி ஏன் இப்படிச் சீட்டுக்குப் பின்னால ஆள் விடுறான்? அவன் இன்னும் உயிரோட கிடக்கிறான். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அவனால ஏதோ ஒரு தேவை கிடக்கு. பத்து மணிக்குப் பிறகு தேவை இல்லை."

ராக்காயி அழவில்லை. கீழே கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "நானும் வர்றேன்" என்றாள்.

*

குணரத்தினத்தின் மொரிஸ் மைனர் கார் தலவாக்கலையில் ஒருமுறை நின்றது. குணரத்தினம் கடை ஒன்றிலிருந்து பொலிசுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார்.

"என்னய்யா சொல்றாங்க?"

"இன்ஸ்பெக்டர் சாப்பிடுறாராம். சாப்பிட்ட உடனே வருவாராம்."

"ஞாயித்துக்கெழம சாப்பாடு. சாயங்காலம் வரைக்கும் மெல்லுவாரு."

கருங்கல்மலையில் தோட்டத்து மேலாளரான துரை இல்லை, நுவரெலியாவுக்குப் போயிருந்தார். கிளாக்கர் இராசமணியின் வீடு தொழிற்சாலைக்கு மேலே தனியாக நின்றது. ராக்காயியைக் காரில் குனிந்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

கூடத்தில் பெரிய மீசைக்காரன் ஒருவன் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கிளாக்கரய்யாவுக்கு ஒடம்பு சரியில்ல. தொணைக்கு இருக்கேன்" என்றான்.

"ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள் வீரம்மா. "ஒன்னப் பாத்ததுல வந்ததா?"

உள் அறையிலிருந்து இராசமணி வந்தார். நரைத்த தலை. இடது கையில் மூன்று விரல்களுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. வலது கை முழுசாக இருந்தது. எழுதுகிற கை.

"விழுந்திட்டன்" என்றார் யாரும் கேட்காமலே.

குணரத்தினம் சீட்டை நீட்டினார். "இது நீங்கள் எழுதினதோ?"

கிளாக்கர் சீட்டைப் பார்த்தார், மீசைக்காரனைப் பார்த்தார், பிறகு எரிந்து விழுந்தார். "நான்தான் எழுதினன்! என்ர எழுத்து, என்ர கையொப்பம்! இருபத்திரண்டு வருசமாச் சீட்டு எழுதுறன். ஒரு பிழை பிடிச்சிருக்கிறாங்களோ? எழுதினது எழுதினபடிதான் கிடக்கு. வாசிக்கத் தெரியாட்டில் இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்கோ! இப்ப போங்கோ வெளியில!"

மேசையில் அவர் எழுதிய கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது. குணரத்தினம் ஒரு பார்வை பார்த்தார். அதே சாய்வு, அதே சுழி. சீட்டு அவருடைய எழுத்துத்தான்.

மீசைக்காரன் தடியைத் தட்டினான். "கேட்டுச்சுல்ல? கெளம்புங்க."

காருக்கு வரும் வழியில் வீரம்மாவுக்குக் கோபம் பொங்கியது. "கள்ளச் சீட்டு, கிளாக்கர் எழுத மாட்டாருன்னீங்க. அவரே நெஞ்சத் தட்டிக்கிட்டுச் சொல்றாரு. கங்காணியோட கூட்டுக் களவாணி. இன்னொரு கேத்தல் இருந்தா அந்த வீட்டுலயே ஊத்தியிருப்பேன்."

குணரத்தினம் காரில் ஏறி, எஞ்சினை முடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மழைத் துளி கண்ணாடியில் விழ ஆரம்பித்தது.

"வீரம்மா, இடது கை விரலை ஏன் உடைச்சவங்கள்?"

"வலது கைய ஒடைச்சா யாரு சீட்டு எழுதுறது?"

"ஓம். உடைச்சுப் போட்டுத்தான் எழுத வைச்சவங்கள். அப்ப அவர் கூட்டாளி இல்லை." அவர் திரும்பினார். "இருபத்திரண்டு வருசம் எழுதின கை பெண்சாதியின்ர பேரை மறக்காது. மறக்காத கை விட்டுவிட்டுது எண்டால் அது வேணுமெண்டு விட்டது. கங்காணிக்குச் சட்டம் தெரியாது. இந்தச் சீட்டின்ர மற்றப் பிரதி தொழில் கந்தோருக்குப் போகும். அங்கை ஆராவது கண்டுபிடிக்கட்டும் எண்டு அந்த மனிசன் சத்தமில்லாமல் கூப்பிட்டிருக்கிறார். எனக்குத்தான் கேக்கேல்லை."

"இன்னொருக்கா வாசின்னு கத்தினாரே!"

"அதுதான். வாசிச்சு முடியேல்லை போல." அவர் சீட்டை விரித்தார். இந்த முறை உரக்கப் படித்தார். "பெயர், அழகுமுத்து. தகப்பன், செல்லசாமி. நின்ற காரணம், சொந்த விருப்பம். கடைசியாகச் செய்த வேலை, கவ்வாத்து, பதினோராம் நம்பர் மலை..."

"என்னது?" என்று பின் இருக்கையிலிருந்து நிமிர்ந்தாள் ராக்காயி. "பதினோராம் நம்பர்லயா? அங்க எங்கங்க கவ்வாத்து?"

"ஏன்?"

"பழைய செடிய எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு அங்க கன்னு வச்சு எட்டு மாசந்தாங்க ஆச்சு."

வீரம்மா தன் தலையில் அடித்துக்கொண்டாள். "முழங்கால் ஒசரம்கூட வராத கன்னுக்கு எவன் ஐயா கவ்வாத்து வெட்டுவான்? இதக் காலையிலேயே வாய் விட்டுப் படிச்சிருந்தா ரெண்டு பேரும் அப்பவே சொல்லியிருப்போம். பெரிய படிப்புக்காரங்க மனசுக்குள்ளயே படிக்கிறது!"

"அந்த மலையில என்ன கிடக்கு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் ராக்காயி. பிறகு அவள் குரல் மாறியது. "உச்சியில உர மூட்டை போடுற பழைய கொட்டில் இருக்கு. கன்னு வச்சதுக்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

அவர்கள் வந்துபோன செய்தியோடு மீசைக்காரன் குறுக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருப்பதை வீரம்மா கண்டாள். அவன் போவதும் உச்சியை நோக்கித்தான்.

"ஓட்டுங்கய்யா!"

*

கார் ஏற முடிந்த இடம் பாதி மலைதான். மிச்சத்தைக் கன்றுகளுக்கு நடுவே விழுந்தும் எழுந்தும் ஏறினார்கள். மீசைக்காரனைப் பாதி வழியில் எட்டிப் பிடித்தது வீரம்மா. பின்னாலிருந்து அவன் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பித் தடியை வீசினான். அடி அவளுடைய தோளில் விழுந்தது, எலும்பு நொறுங்கியதுபோல வலித்தது. அவள் பிடியை விடாமல் அவனோடு சேர்ந்தே உருண்டாள். மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் போய் விழுந்தபோது அவள் மேலே இருந்தாள், அவன் கீழே இருந்தான், அவன் தலைக்குக் கீழே ஒரு கல் இருந்தது. அவன் அசையவில்லை.

"செத்திட்டானோ?" என்றார் குணரத்தினம்.

"மூச்சு வருது. வேணும்னா நிப்பாட்டவா?"

கொட்டிலின் தகரச் சுவருக்குள்ளிருந்து கங்காணி பழனியாண்டியின் குரல் கேட்டது.

"நாலு நாளாச்சு! இன்னும் ஆறலையாடா அந்தப் புண்ணு? நாளைக்குக் காலையில வேணும்டா எனக்கு!"

"சீழ் கட்டியிருக்குங்க" என்றது இன்னொரு குரல். முகம் வெந்தவன்.

"அப்ப இவனே வேணாம். கத்திய எடு."

ராக்காயி காத்திருக்கவில்லை. கதவைத் தோளால் மோதித் திறந்துகொண்டு உள்ளே விழுந்தாள்.

கொட்டிலின் நடுக் கம்பத்தில் அழகுமுத்து சங்கிலியால் கட்டப்பட்டிருந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வேட்டி முழுவதும் காய்ந்த இரத்தம். இரண்டு கைகளிலும் சாக்குத் துணி சுற்றியிருந்தது. பக்கத்துப் பெட்டியின்மேல் தட்டெழுத்தில் அடித்த ஒரு காகிதமும் மைப் பெட்டியும்.

முகம் வெந்தவன் கத்தியோடு ராக்காயியை நோக்கிப் பாய்ந்தான். வீரம்மா கிழிந்த மூட்டையிலிருந்து இரண்டு கையாலும் உரத்தை அள்ளி அவன் முகத்தில் அடித்தாள். காலையில் வெந்த தோலில் உரம் ஒட்டியது. அவன் கத்தியை விட்டுவிட்டு மண்ணில் புரண்டு அலறினான்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை" என்றாள் வீரம்மா மூச்சிரைக்க. "பாவமாத்தான் இருக்கு."

கங்காணி கோட்டுப் பையிலிருந்து சூரிக் கத்தியை உருவி, அழகுமுத்துவின் கழுத்தில் வைத்தார். "ஒருத்தரும் அசையக் கூடாது! அசைஞ்சா அறுத்துருவேன்!"

குணரத்தினம் அசையாமல் நின்றார். வீரம்மாவும் நின்றாள். தகரக் கூரையில் மழை அறைந்தது.

கங்காணியின் கண் ஆண்பிள்ளையான குணரத்தினத்தின் மேலும், தன் ஆளைச் சாய்த்த வீரம்மாவின் மேலும் இருந்தது. மண்ணில் விழுந்து கிடந்த ராக்காயியை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவள் படுத்தபடியே முந்தானையிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து, கிளையைச் சாய்க்கிற அதே ஒரே வெட்டாக, அவருடைய முழங்காலுக்குக் கீழே வீசினாள்.

பழனியாண்டி மரம்போலச் சரிந்தார். சூரி அழகுமுத்துவின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோட்டை மட்டும் இழுத்துவிட்டு விழுந்தது. குணரத்தினம் அதைக் காலால் தள்ளிவிட்டு, குடை நுனியைக் கங்காணியின் தொண்டைக் குழியில் ஊன்றினார்.

"இனி நீர் அசையப்படாது" என்றார்.

ராக்காயி மறுபடியும் கத்தியை ஓங்கினாள். வீரம்மா அவள் கையைப் பிடித்தாள். "போதும் ஆத்தா. நாளைக்கு இந்த ஆளும் விசாரணைக்கு வரணும். நடந்து வர வேணாம், தூக்கிட்டு வரட்டும்."

*

பொலிஸ் ஜீப் வந்தபோது கங்காணியின் காலில் குணரத்தினத்தின் கழுத்துத் துண்டு கட்டியிருந்தது. ஜீப்புக்குக் கொட்டிலின் வழியைச் சொல்லி அனுப்பிய கிளாக்கர் இராசமணி, அதன் பின்னால் மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தார்.

"வாசிச்சியளோ?" என்று கேட்டார்.

"பிந்தித்தான் வாசிச்சம்" என்றார் குணரத்தினம். "பதினொண்டு எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ர ஜன்னலுக்குள்ளால இந்தக் கொட்டில் தெரியும். ராவில வெளிச்சம் கண்டன்." அவர் அழகுமுத்துவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தார். "சத்தம் போட்டுச் சொல்லுற துணிவு எனக்கு வரேல்லைத் தம்பி. பிழையா எழுதுற துணிவுதான் வந்தது."

இன்ஸ்பெக்டர் பெட்டியின்மேல் கிடந்த காகிதத்தை எடுத்தார். 'நான் முன்பு கொடுத்த முறைப்பாடு பொய். அதை வாபஸ் வாங்குகிறேன்' என்று அடித்திருந்தது. கைநாட்டு வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

அழகுமுத்துவைக் காரின் பின் இருக்கையில் ராக்காயியின் மடியில் படுக்க வைத்தார்கள். ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கார் இறங்கத் தொடங்கியது. வீரம்மா திரும்பி, அவன் கைகளில் இருந்த சாக்குத் துணியை மெதுவாகப் பிரித்தாள். இரண்டு கட்டைவிரல்களும் நசுங்கிக் கறுத்து, நகமும் சதையும் இல்லாமல் கிடந்தன.

"பாவிங்க" என்றாள். "கைநாட்டு வேணும்னா விரலப் புடிச்சு அமுக்கியிருக்கலாமே. இப்படி நசுக்கிப்புட்டு எதுல வைக்கப் போனானுக?"

அழகுமுத்து வீங்கிய உதட்டைப் பிரித்தான். "அவனுக இல்லக்கா."

"பின்ன?"

"மொத நாளு என் காலுல மட்டும் சங்கிலியப் போட்டுட்டு, கைநாட்டு வைக்கிற காகிதத்த எடுத்தாரப் போனானுக. நான் கத்தினாலும் யாருக்கும் கேக்காது. கட்டிப் போட்டு விரல அமுக்குனா நான் என்ன பண்ண முடியும்?" அவன் மூச்சு வாங்கினான். "கதவுக்கு முட்டுக் குடுக்கிற கல்லு ஒண்ணு பக்கத்துல கெடந்துச்சு. ரெண்டையும் நானே வச்சு இடிச்சுக்கிட்டேன்."

ராக்காயி அந்தக் கைகளைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

குணரத்தினம் காரின் வேகத்தைக் குறைத்தார். "அழகுமுத்து, நாளைக்கு உம்மட வாக்குமூலத்துக்கும் கீழை கைநாட்டுக் கேப்பினம். என்ன செய்வம்?"

"வாய் இருக்குதுங்களே ஐயா. அதையும் இடிச்சுக்குவேன்னு பயந்தீங்களா?"

ஹட்டன் வந்து சேரும்வரை வீரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோடு பழகிய ஆறு வருஷத்தில் குணரத்தினம் அப்படி ஒரு பயணத்தைக் கண்டதில்லை.